ஏழாம் நம்பர் ஜெல்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். அறிவியல் படித்தவர்கள் கைராசியை எல்லாம் நம்புவார்களா என்று கேட்காதீர்கள். அவர்களைப் போல நம்புகிறவர்கள் வேறு யாருமில்லை. ஒரு கலவை ஒருமுறை சரியாக வந்துவிட்டால் போதும். அன்றைக்கு எந்தக் குடுவை, யார் கலக்கியது, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது வரை பார்த்து அப்படியே திருப்பிச் செய்வார்கள். ஏன் சரியாக வந்தது என்று கேட்டால் முறைப்பார்கள்.

அவளுடைய ஏழாம் நம்பர் ஜெல் அப்படி வந்ததுதான். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கண்ணாடி நிறத்தில், தொட்டால் வழுக்குகிற ஒரு துண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். மீதி, இறால் ஓட்டிலிருந்து எடுத்த மாவால் பின்னிய வலை. கிருமியின் மேல்தோலைக் கிழிக்கக்கூடிய ஒரு சின்னப் புரதத் துண்டை அந்த வலையில் கோத்து வைத்திருந்தாள். மாத்திரைக்கும் ஊசிக்கும் அசைந்துகொடுக்காத கிருமிகள் பெருகிக்கொண்டே போகிற காலம் இது. மருந்தை உடம்பெல்லாம் ஓடவிடுவதற்குப் பதிலாகப் புண்ணின் மேலேயே ஜெல்லைப் போர்த்தி, கிருமியை அங்கேயே தீர்த்துக்கட்டிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். முதல் ஆறு கலவைகள் மண்ணைக் கவ்வின. ஏழாவதைக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தபோது, மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி ஆடையாகப் படர்ந்திருக்க, ஜெல்லைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வெற்று வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள். அதில் தப்பொன்றும் இல்லை, நான்கு வருட உழைப்பு.

இதெல்லாம் நடந்து மூன்று மாதத்தில் அவள் தம்பி விழுந்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாயாடி. லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து கதை பேசியே பயம் தெளிய வைப்பவன் என்று அவனைப் பற்றி வேலையிடத்தில் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரு காலை நேரத்தில், லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் ஏணி வழுக்கி இரண்டு மாடி உயரம் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடுவதற்குள் கிருமி கூடிவிட்டது. மூன்று மருந்துகளுக்கு அது மசியவில்லை. நான்காவது மருந்து கிருமியை விட்டுவிட்டு அவன் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டதால் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆறாவது வாரத் திங்கட்கிழமை, எலும்பு டாக்டரம்மா அவளையும் தம்பி மனைவியையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"இப்ப எடுத்துட்டா முட்டிக்குக் கீழதான் எடுக்கணும். செயற்கைக் கால் போட்டுப் பழகிட்டா நடக்கலாம், ஏணிகூட ஏறலாம். கிருமி முட்டிக்குள்ள போயிட்டா தொடையில வெட்டணும். அது வேற வாழ்க்கைம்மா."

தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் அவளிடம் ஒரு ஜெல் இருந்ததே! இருக்கிறவள் எப்படிச் சும்மா இருப்பாள்? தம்பியின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வாங்கிக்கொண்டு போய்த் தட்டில் வளர்த்தாள். அதன் மேல் ஏழாம் நம்பரை வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் வட்டம் விழுந்திருந்தது. தட்டைப் படம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பாருடா, உன் கிருமிதான் இது. நாலு மருந்துக்கும் சாகாத சனியன், ஒரே ராத்திரியில காணாமப் போயிருக்கு பாரு."

தம்பி கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். "இந்த ஜெல்லிக்கா இத்தனை வருஷமா கல்யாணங்காட்சிக்குக்கூட வராம கிடந்த?"

"வேலை செய்யுமான்னு கேளுடா."

"செய்யுமாக்கா?"

"செய்யும்" என்றாள்.

டாக்டரம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் மேல் போட்டுப் பார்க்காத பொருள். ஆனால் அவரிடமும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக் குழு கூடியது. தோல் செல்களுக்கு ஜெல்லால் கெடுதலில்லை என்று ஓர் அறிக்கை, கிருமியைக் கொல்கிறது என்று ஓர் அறிக்கை, இரண்டையும் அவள் கொடுத்தாள். சிறப்பு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கென்று சுத்தமான அறையில் புதிதாக ஜெல் செய்து, சோதித்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புண்ணில் போர்த்துவதென்று முடிவாயிற்று. "அதுவரைக்கும் தினமும் பாப்பேன். மேல ஏறுதுன்னு பட்டா காத்திருக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஒருவரைத் தவிர. பக்கத்து மேசையில் கிருமி வளர்க்கும் மனிதர் அவர். அவருக்கு அங்கே 'சந்தேகம்' என்று பெயர். தேநீரில் சர்க்கரை போட்டிருக்கிறது என்று சொன்னால்கூடப் போடாத கோப்பை ஒன்றையும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று கேலி செய்வார்கள். அவர் அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"மருந்து கோக்காத வெறும் ஜெல்லை ஒப்பிட வெச்சீங்களே, அது எப்ப செஞ்சது?"

"ஃப்ரிட்ஜ்ல ஒரு ஜாடி நிறைய இருக்கே, அதுல எடுத்ததுதான்."

"அது ஆறு மாசமா தண்ணியில ஊறிக்கிட்டு இருக்கு. ஏழாம் நம்பரை ஒரு நாள்தான் கழுவியிருக்கீங்க. ரெண்டையும் ஒரே மாதிரி கழுவி ஒருதரம் பாத்துடலாமே?"

இதற்கு அவள் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். "என் தம்பிக்குக் கால் போகப்போகுது. உங்களுக்குச் சந்தேகம் வர்றதுக்கெல்லாம் உக்காந்து பதில் சொல்ல எனக்கு நேரமில்ல" என்றாள். மனிதர் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கழுவுகிற சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இறால் ஓட்டு மாவு வெறும் தண்ணீரில் கரையாது. வினிகரில் இருக்கிறதே, அந்த அமிலத்தில்தான் கரையும். ஜெல் உறைந்த பிறகு அந்த அமிலத்தை வெளியேற்ற மூன்று நாள் தண்ணீரில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஏழாம் நம்பர் செய்த வாரத்தில் சுத்தத் தண்ணீர் வடிக்கும் இயந்திரம் ரிப்பேர். அதனால் ஒரு நாள் கழுவியதோடு விட்டுவிட்டாள். வட்டம் விழுந்ததும், கைராசி முறைப்படி அந்த ஒரு நாளும் செய்முறையில் சேர்ந்துகொண்டது. பிறகு செய்த ஒவ்வொரு துண்டும் ஒரு நாள்தான் கழுவப்பட்டது. தோல் செல்களை வளர்க்கிற மாடி அறைக்காரர்களோ எந்த ஜெல் வந்தாலும் மூன்று நாள் தங்கள் சத்து நீரில் ஊறவைத்து மாற்றி மாற்றி எடுப்பவர்கள். அது அவர்கள் பழக்கம், யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆக, செல்களுக்குக் கெடுதல் செய்யாத ஜெல் ஒன்று, கிருமியைக் கொன்ற ஜெல் வேறொன்று. இரண்டு அறிக்கையும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே காகித உறையில் போட்டு ஒரே ஜெல்லைப் பற்றியவை என்று நீட்டியதுதான் தவறு.

ஆஸ்பத்திரிக்கான ஜெல்லில் புளிப்பே இருக்கக்கூடாது என்று குழு விதித்திருந்தது. அதனால் முதல்முறையாக மூன்று நாள் முழுதாகக் கழுவினாள். அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தம்பியின் கிருமித் தட்டில் வைத்தாள். வழக்கமான கடைசிச் சோதனைதான். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை காலையில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது வட்டம் இல்லை.

கிருமி ஜெல்லின் ஓரம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. துண்டை இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள். அடியிலும் வளர்ந்திருந்தது. என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதை மறைப்பானேன். இத்தனை மாதமாகக் கிருமியைக் கொன்றது அவள் கோத்த புரதமில்லை, கழுவாமல் விட்ட அமிலம். சமையலறையில் இருக்கிற சமாச்சாரத்துக்கு நான்கு வருடம் காவல் இருந்திருக்கிறாள். அமிலத்தோடேயே புண்ணில் போடலாமென்றால், ஏற்கெனவே நைந்துபோன சதையை அது சுட்டுத் தின்றுவிடும்.

தெரிந்தது. ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொள்வது வேறு விஷயம். தட்டு ஈரமாக இருந்திருக்குமோ, கிருமியை அதிகம் தடவிவிட்டேனோ, இந்தத் துண்டு மட்டும் கெட்டுப்போனதோ என்று ஒவ்வொன்றாகச் சப்பைக்கட்டு கட்டினாள். ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது, அதுதான் அறிவியல் என்று தனக்கே பாடம் எடுத்தாள். கழுவிய ஜெல், கழுவாத ஜெல், மருந்தே கோக்காமல் அமிலத்தோடு விட்ட வெறும் ஜெல், மூன்றுக்கும் தட்டுகள் போட்டாள். 'சந்தேகம்' பக்கத்து மேசையிலிருந்து அவள் செய்வதைப் பார்த்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் ஒருவேளை அப்போதே உடைந்து சொல்லியிருப்பாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி முகம் வெளுத்திருந்தது. புண்ணின் சிவப்பு முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. டாக்டரம்மா காகிதத்தை நீட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"கையெழுத்துப் போடுங்க தம்பி. இன்னிக்கே எடுத்துடலாம். இனிமே காத்திருக்கறது சரியில்ல."

"நாளான்னிக்கு ஜெல்லி வருதே டாக்டர். ரெண்டு நாள்தானே?" என்றான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "எங்கக்கா நாலு வருஷமா எனக்குன்னே செஞ்ச மாதிரி செஞ்சு வெச்சிருக்கா. அதப் போட்டுப் பாக்காம கால வெட்டினா அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். காலையில் பார்த்த தட்டு கண்ணுக்குள் இருந்தது. தம்பி மனைவி வேறு அவள் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணி இருக்காங்க, பாத்துப்பாங்க" என்றாள். அவளோ, "நாளைக்குக் காலைல உறுதியாச் சொல்லிடறேன் டாக்டர்" என்றாள். டாக்டரம்மா அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். நோயாளி கையெழுத்துப் போடாமல் அவரால் கத்தியைத் தொட முடியாது. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தட்டுகளைத் திறந்தாள். கழுவிய ஜெல்லில் வட்டமில்லை. கழுவாததில் வட்டம். மருந்தே இல்லாத, அமிலம் மட்டும் கொண்ட ஜெல்லில் எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. 'சந்தேகம்' எழுந்து வந்து தட்டுகளைப் பார்த்தார். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போங்க. இத நான் எழுதி வெக்கறேன்" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அறுவை அறைக்குப் போன் போட்டுவிட்டு, "கையெழுத்து நீங்கதான் வாங்கித் தரணும். உங்கள நம்பித்தான் அவர் போடாம இருக்கார்" என்றார்.

தம்பிக்குக் காய்ச்சல் கண்ணில் தெரிந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஜெல் வேலை செய்யாதுடா. கையெழுத்துப் போடு."

"டாக்டர் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன? நீதான படம் காட்டின. வட்டம் போட்டுக் காட்டினியே!"

"அந்த வட்டம் ஜெல்லால இல்ல, வினிகரால. கழுவாம விட்டுட்டேன். கழுவினா வெறும் தண்ணி. உன் கால்ல ஈரத் துணி போட்டா என்னவோ அதான்."

"போட்டுத்தான் பாப்பமே. என்ன கெட்டுடும்?"

"நாள் கெட்டுடும்டா!"

அவள் குரல் உடைந்து அறைக்கு வெளியே கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. நான்கு வருடமாக அந்த ஜெல்லுக்காகப் போகாத இடமில்லை, பேசாத மேடையில்லை. அத்தனை மேடைகளிலும் எதை உயர்த்திப் பேசினாளோ, அதைத் தம்பியின் முன்னால் உட்கார்ந்து துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டாள். எந்தத் தட்டில் என்ன விழுந்தது, எங்கே ஏமாந்தாள், எப்போது தெரிந்தது என்பதைத் தவிர ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் அவன் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. கடைசியில் மனைவியிடம் பேனா கேட்டான்.

"முட்டியாவது தேறுமா?" என்றான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"திறந்து பாத்துத்தான் சொல்வாங்க."

தேறவில்லை. மூன்று மணி நேரம் கழித்து டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சீழ் முட்டிக்குள் போயிருந்தது. தொடையின் பாதியில் எடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்கு இனி பயமில்லை. அவள் டாக்டரம்மாவின் பின்னாலேயே தாழ்வாரத்தின் கோடி வரை போனாள்.

"நேத்து எடுத்திருந்தா தப்பிச்சிருக்குமா டாக்டர்?"

"நேத்து மத்தியானமே ஏறியிருக்கலாம், நேத்து ராத்திரி ஏறியிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது."

எதையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தொழில் அவளுடையது. இந்த ஒன்றுக்கு ஒப்பிடத் தட்டே கிடையாது என்பது அங்கே நிற்கும்போது அவளுக்குப் புரிந்தது. அது தெரியாமலேதான் மிச்ச நாளெல்லாம் இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பிக்கு நன்றாக நினைவு திரும்பியது. போர்வை எங்கே தட்டையாகிறது என்று கையால் தடவிப் பார்த்தான். எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மனைவியிடம் விசாரித்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"ஜெல் ஆகாதுன்னு உனக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

வியாழக்கிழமை காலை என்று சொல்லலாம். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை. உறுதியானது வியாழக்கிழமைதான். புதன்கிழமைத் தட்டைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

"புதன்கிழமை காலைல" என்றாள்.

"புதன்கிழமை மத்தியானம் நீ இங்கதான நின்ன. டாக்டர் பேப்பர நீட்டினப்ப."

"ஆமாடா."

"ஏன் சொல்லல?"

"ஒரு தட்டுதான் பாத்திருந்தேன். இன்னும் ரெண்டு மூணு போட்டுப் பாத்து உறுதி பண்ணிக்கலாம்னு..."

"வேலை செய்யும்னு எங்கிட்ட வந்து சொன்னியே. அன்னிக்கு எத்தனை தட்டு பாத்த?"

தம்பி மனைவி தண்ணீர் டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"ஒன்னு" என்றாள் அக்கா.

அவன் தலையை ஆட்டினான். மனைவியின் கையிலிருந்து டம்ளரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.